கேட்டுவிட்டு ஆடுவோமே!



ஆண்டு விழாவுக்கு 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' இசை நாடகம் போடலாமா வேண்டாமா என்று பிளஸ் ஒன் வகுப்பில் ஒரு வாரமாகப் பட்டிமன்றமே நடக்கிறது. "அனுமதி வாங்கணுமாம், வம்பே வேண்டாம், விட்டுடலாம்" என்கிறது ஒரு கட்சி. "அமெரிக்காவிலிருந்து யாரு வந்து கேக்கப் போறாங்க, போட்டுடலாம்" என்கிறது இன்னொரு கட்சி. இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து.

முதல் கட்சிக்கு ஒரு நல்ல செய்தி. நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் (1957), 52-ஆம் பிரிவில் பள்ளிகளுக்கு ஒரு சலுகை தந்திருக்கிறது. பள்ளி நிகழ்ச்சியாக மாணவர்களும் ஆசிரியர்களும் நாடகம் போட்டு, அதைப் பார்ப்பவர்களும் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், பள்ளியோடு தொடர்புள்ளவர்கள் என்று இருந்தால் அது உரிமை மீறல் ஆகாது. ஆக, நம்ம ஸ்கூல் மைதானத்தில் மேடை போட்டு ஆட யாரும் பயப்பட வேண்டாம்.

ஆனால் இந்த வருஷத் திட்டம் அது இல்லையே! வெளியே மண்டபம் எடுத்து, ஊர்மக்களுக்கு டிக்கெட் விற்று, நூலகத்துக்கு நிதி சேர்க்கப் போகிறோமாம். அப்புறம் யூடியூபிலும் போடணுமாம். அங்கே பள்ளிச் சலுகையை நம்பி இறங்க முடியாது. "நல்ல காரியத்துக்குத்தானே?" என்கிறார்கள். நல்ல காரியத்துக்குப் போறோம்னு பக்கத்து வீட்டு சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கிட்டுப் போவோமா?

போன வருஷம் இந்தச் சுவரில் வந்த ஒரு கவிதை, எழுதியவர் பேரே இல்லாமல் வேறொரு மலரில் வந்தது. அப்போது நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! எட்டு வரிக் கவிதைக்கே அப்படி என்றால், ஒரு முழு நாடகத்தை எழுதி இசையமைத்தவர்களுக்கு இருக்காதா?

அந்த நாடகம் 1959-இல் நியூயார்க்கில் அரங்கேறியது. அதற்கு இசையமைத்த ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் 1979-இல் காலமானார். நம் சட்டப்படி படைத்தவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. இப்போது அனுமதி தருவது கன்கார்ட் தியேட்ரிக்கல்ஸ் என்ற நிறுவனம். எத்தனை காட்சி, எத்தனை இருக்கை, டிக்கெட் என்ன விலை என்று எழுதிக் கேட்டால் கட்டணம் சொல்வார்கள். வீடியோவுக்குத் தனியாகக் கேட்கணும். பாட்டை வெட்டுவதோ வசனத்தை மாற்றுவதோ நம் இஷ்டத்துக்குச் செய்யக் கூடாது.

கட்டணம் கட்டுப்படியாகலைன்னா? கவலையே வேண்டாம். இசை நாடகம் நமக்குப் புதுசா என்ன? சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' எல்லாம் பாட்டும் வசனமுமாக மேடையில் நின்றவைதானே! சுவாமிகள் மறைந்தது 1922-இல். 60 ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. எந்த மண்டபத்திலும் தாராளமாக ஆடலாம், டிக்கெட்டும் விற்கலாம். அண்மையில் யாராவது புது மெட்டுப் போட்டிருந்தால் அதை மட்டும் எடுக்காமல், நம் இசை ஆசிரியரிடம் பழைய மெட்டைக் கற்றுக்கொள்ளலாம்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். ஒத்திகை தொடங்கும் முன்பே, இந்த வாரமே, தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் போகட்டும். பதில் சாதகமாக வந்தால் மண்டபத்தில் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'. வராவிட்டால் வள்ளியும் முருகனும் இருக்கவே இருக்கிறார்கள்! கேட்பதால் நாம் ஒன்றும் குறைந்துவிட மாட்டோம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி