எடிட்டரில் எழுதிய விதி நீர்மேல் எழுத்து

பொட்டி தட்டுகிறவர்களின் புலம்பலில் ஒரு ரகம் உண்டு. "நேற்று வரைக்கும் நன்றாகத்தானே ஓடிக் கொண்டிருந்தது, இன்றைக்கு யார் கை வைத்தது?" என்று ஆரம்பிக்கும். பைதான் எழுதுகிறவர்களில் பலர் 2024-ல் இந்தப் புலம்பலை ரஃப் என்ற கருவியின் மேல் பாடினார்கள். பழைய லாங்குவேஜ் சர்வரை ஓரங்கட்டிவிட்டுப் புதிய சர்வரைக் கொண்டு வந்தார்கள். எடிட்டரில் எழுதி வைத்திருந்த அமைப்புகளில் சில செல்லாக்காசாகிப் போயின. உடனே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது: கருவி செய்தவன் அயோக்கியன், பயன்படுத்துகிறவன் அப்பாவி.

அந்தத் தீர்ப்பில் பாதிதான் சரி. செல்லாமல் போன அமைப்புகளில் முக்கியமான ஒன்று, எடிட்டருக்குள் இருந்திருக்கவே கூடாதது. அதை அங்கே கொண்டு போய் வைத்தது கருவி செய்தவன் இல்லை.

கதைச் சுருக்கம்

லின்ட் என்றால் துணியில் ஒட்டிக் கொள்கிற பஞ்சுத் தூசி. 1970-களில் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழி நிரல்களைச் சோதிக்க ஒரு கருவி எழுதி அதற்கு இந்தப் பெயரை வைத்தார். நிரலை ஓட்டிப் பார்க்காமல், படித்து மட்டும் பார்த்து "இங்கே ஏதோ இடிக்கிறதே" என்று சொல்வது அதன் வேலை. பிற்பாடு இந்த வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் லின்டர் என்பதே பொதுப்பெயராகி விட்டது.

2016-ல் மைக்ரோசாஃப்ட் லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்ற ஏற்பாட்டை வெளியிட்டது. அதற்கு முன்னால் பத்து எடிட்டர், பத்து மொழி என்றால் நூறு இணைப்பு எழுத வேண்டும். இதன்படி எடிட்டருக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று என்று இருபது போதும். எடிட்டரும் சர்வரும் ஒரே பாஷையில் பேசிக் கொள்ளும்.

ரஃப் 2022-ல் வந்தது. சார்லி மார்ஷ் ஆரம்பித்தது. பைதானைச் சோதிக்கிற கருவி, ஆனால் எழுதப்பட்டது ரஸ்ட் மொழியில். வேகம்தான் அதன் பெயரைப் பரப்பியது. அதற்கும் எடிட்டருக்கும் நடுவில் ரஃப்-எல்எஸ்பி என்று ஒரு இடைத்தரகர் இருந்தார். அவர் பைதானில் எழுதப்பட்டவர். எடிட்டரிடம் நிரலை வாங்கி, ரஃப்பைத் தனி நிரலாகக் கூப்பிட்டு, அது சொன்னதை மொழிபெயர்த்து எடிட்டரிடம் திருப்பிக் கொடுப்பார். 2024-ல் சர்வர் ரஃப்புக்கு உள்ளேயே, ரஸ்டிலேயே எழுதப்பட்டது. மே மாதம் பீட்டா, ஜூலையில் 0.5.3 பதிப்போடு நிலையானது. தரகருக்கு வேலை போயிற்று.

தரகரோடு சேர்ந்து போன சாவிகளில் பெரியது 'லின்ட்.ஆர்க்ஸ்'. டெர்மினலில் ரஃப்பைக் கூப்பிடும்போது பின்னால் ஒட்டுகிற கட்டளைகளை அப்படியே எடிட்டர் அமைப்பில் எழுதி வைக்கிற இடம் அது. புதிய ஏற்பாட்டில் டெர்மினல் கட்டளை என்பதே நடுவில் இல்லை. எனவே அந்தச் சாவிக்கு நேரான மாற்று கிடையாது. எந்த விதிகளைச் சேர்ப்பது, எவற்றை விடுவது, வரியின் நீளம் எவ்வளவு என்பதற்கெல்லாம் தனித்தனிச் சாவிகள் வந்தன. எப்போது சோதிப்பது என்று கேட்கிற 'லின்ட்.ரன்' என்ற சாவியும் போயிற்று. புதிய சர்வர் ஒவ்வொரு தட்டலுக்கும் சோதிப்பதால் அந்தக் கேள்வியே எழவில்லை.

மௌனம் சம்மதம் அல்ல

இதில் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். ஒரு உதாரணம் போதும்.

கடைக்கு பில் போடுகிற நிரல். பொருளை வாங்கிப் பட்டியலில் சேர்க்க ஒரு ஃபங்ஷன். பட்டியல் தரப்படாவிட்டால் காலிப் பட்டியலை வைத்துக் கொள் என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் பைதான் அந்தக் காலிப் பட்டியலை ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்வதில்லை. ஃபங்ஷனை முதலில் படிக்கும்போது ஒரே ஒரு முறை செய்து, அதையே திரும்பத் திரும்பத் தருகிறது. விளைவு? முதல் வாடிக்கையாளர் வாங்கிய இரண்டு கிலோ அரிசி, இரண்டாவது வாடிக்கையாளர் பில்லிலும் ஏறும். ஒரே ஒரு பில் போட்டுச் சோதித்தால் தப்பு தெரியவே தெரியாது. நிரல் நின்று போகாது, பிழைச் செய்தியும் வராது, கணக்கு மட்டும் தப்பாகும்.

ரஃப்பில் இதைப் பிடிக்க பி006 என்று ஒரு விதி இருக்கிறது. ஆனால் 2024-ல் சர்வர் மாறிய நேரத்தில், யாரும் எதுவும் சொல்லாவிட்டால் ரஃப் பார்த்தது எஃப் வரிசையையும் ஈ வரிசையில் சிலவற்றையும்தான். பி வரிசை வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். அதை ஒருவர் 'லின்ட்.ஆர்க்ஸ்' வழியாகக் கேட்டிருந்தார் என்று வைத்துக் கொள்வோம். நியோவிம் போன்ற எடிட்டரில் சர்வரின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, பழைய சாவியை அப்படியே விட்டுவிட்டார். புதிய சர்வர் அந்தச் சாவியைக் கண்டுகொள்ளாது. மஞ்சள் கோடு வராது. கோடு இல்லையென்றால் தப்பும் இல்லை என்று மனிதர் நிம்மதியாகத் தூங்கப் போவார்.

வி.எஸ். கோட்காரர்களுக்கு ஒரு மரியாதை செய்தார்கள். தானியங்கி நிலையில் விட்டிருந்தால், பழைய சாவிகள் கண்ணில் பட்டதும் அந்த நீட்சி பழைய சர்வரையே ஓட்டியது. நல்ல எண்ணம்தான். ஆனால் நோய் இருப்பதே தெரியாமல் வலி மாத்திரை கொடுத்த மாதிரி. மாற்ற வேண்டியவர்கள் மாற்றாமலே காலம் தள்ளினார்கள்.

பழியில் யாருக்கு எவ்வளவு?

கணக்குப் பதிவியலில் முதல் வருடமே சொல்லித் தருகிற பாடம் ஒன்று: வணிகம் வேறு, முதலாளி வேறு. முதலாளி வீட்டு மளிகைச் செலவைக் கடைச் செலவாக எழுதக் கூடாது. கடையின் கணக்குக் கொள்கையை முதலாளியின் சட்டைப்பை டைரியிலும் வைக்கக் கூடாது. டைரி தொலைந்தால் கொள்கையும் தொலையும்.

எடிட்டர் என்பது சட்டைப்பை டைரி. எழுத்துரு, நிறம், குறுக்கு விசைகள், சேமித்தவுடன் திருத்தலாமா வேண்டாமா என்பதெல்லாம் ஒருவருடைய சொந்த விஷயம். அதில் தலையிட யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் 'இந்த நிரலில் எது தப்பு' என்பது சொந்த விஷயமே இல்லை. அது திட்டத்தின் விதி. திட்டத்தின் வேரில் இருக்கிற பைபிராஜெக்ட்.டாம்ல் கோப்பில், நிரலோடு சேர்ந்து, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்க வேண்டும். அங்கே வைத்தவர்களுக்கு 2024-ன் மாற்றத்தில் விதிகளைப் பொறுத்தவரை ஒரு சேதமும் இல்லை. பழைய சர்வரும் அந்தக் கோப்பைத்தான் படித்தது, புதியதும் அதைத்தான் படிக்கிறது.

இது முதல் தடவையும் அல்ல. வி.எஸ். கோட்டின் பைதான் நீட்சி, தனக்குள் இருந்த லின்டிங் அமைப்புகளை 2023-ல் எடுத்துவிட்டு, ஒவ்வொரு கருவிக்கும் தனி நீட்சி போடச் சொன்னது. அப்போதும் விதிகளை எடிட்டர் சாவிகளில் வைத்தவர்கள் முழித்தார்கள். பைலின்ட்டுக்கோ ஃப்ளேக்8-க்கோ உரிய கோப்பில் எழுதி வைத்தவர்கள் புதிய நீட்சியைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். ஒரு தடவை சூடு பட்ட பிறகும் புத்தி வரவில்லை என்றால் யாரை நோவது?

"திட்டத்துக்குள் இருக்கிற வி.எஸ். கோட் அமைப்புக் கோப்பையே கிட்டில் போட்டால் போச்சு" என்பார்கள். போதாது. குழுவில் ஒருவர் நியோவிம்காரராக இருந்தால் அவர் எடிட்டர் அதைப் படிக்காது. டெர்மினலில் ஓட்டும் ரஃப்பும் படிக்காது. நிரலைச் சேர்க்கும் முன் தானாகச் சோதிக்கிற சர்வரும் படிக்காது. நாலு பேருக்கும் பொதுவான விதியை ஒருவருடைய வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினால் அது எப்படிப் பொதுவிதி ஆகும்?

சரி, கருவி செய்தவர்கள் சுத்தமா? இல்லவே இல்லை. புதிய சர்வரில் எடிட்டரும் திட்டக் கோப்பும் முரண்பட்டால் யார் சொல்வது எடுபட வேண்டும் என்பதற்கு ஒரு சாவி கொடுத்தார்கள். மூன்று வழிகள்: எடிட்டர் முதலில், கோப்பு முதலில், எடிட்டர் மட்டும். யாரும் தொடாவிட்டால் எது? எடிட்டர் முதலில்! முதலாளியின் டைரிக்கு முதல் மரியாதை, கடைப் பேரேட்டுக்கு இரண்டாவது இடம். :-)

இதன் பலன் என்ன தெரியுமா? திட்டக் கோப்பில் வரி நீளம் 88. ஒருவர் எடிட்டரில் 120. சேமிக்கும்போது தானாக ஒழுங்குபடுத்தச் சொல்லியிருக்கிறார். அவர் ஒரு எழுத்தைத் திருத்திச் சேமித்தால், மடித்து எழுதிய வரிகளில் பல நீளும். அடுத்தவர் திறந்து சேமித்தால் மறுபடி மடியும். யார் எதை மாற்றினார்கள் என்று பார்க்கப் போனால், உண்மையான ஒரு வரித் திருத்தம் ஐம்பது வெற்று மாற்றங்களுக்குள் புதைந்து கிடக்கும்.

"திட்டமே இல்லாமல் ஒற்றைக் கோப்பை எழுதுகிறவருக்கு எடிட்டர் அமைப்பு வேண்டாமா?" என்றால், வேண்டும். ஆனால் 'கோப்பு முதலில்' என்ற வழி அவருக்கும் இடம் தருகிறது. திட்டக் கோப்பு இருந்தால் அது, இல்லாவிட்டால் எடிட்டர் சொல்வது. இரண்டு பேருக்கும் நியாயமான வழி கையிலேயே இருக்கும்போது, அநியாயமானதை இயல்நிலையாக வைத்தது கருவி செய்தவர்களின் தப்பு. அவர்கள்மேல் கோபப்பட வேண்டியது இதற்காகத்தான். செத்துப் போன சாவிக்காக அல்ல.

செய்ய வேண்டியது

நாலே வேலைகள். எடிட்டர் அமைப்பில் விதி என்று எது கிடந்தாலும் அதை வெட்டி பைபிராஜெக்ட்.டாம்ல் கோப்பில் ஒட்ட வேண்டும். முன்னுரிமைச் சாவியைக் 'கோப்பு முதலில்' என்று மாற்ற வேண்டும். தேவைப்படும் ரஃப் பதிப்பு எது என்பதையும் அதே கோப்பில் எழுத வேண்டும், அதற்கும் இடம் இருக்கிறது. கடைசியாக, மேலே சொன்ன காலிப் பட்டியல் தப்பை வேண்டுமென்றே ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும். மஞ்சள் கோடு வந்தால் காவல்காரர் விழித்திருக்கிறார். வராவிட்டால் அவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார், சம்பளம் மட்டும் போய்க் கொண்டிருக்கிறது.

தணிக்கையாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கல்லாவை எண்ணிப் பார்ப்பதும் இதற்காகத்தான். திருடன் இருக்கிறான் என்ற சந்தேகத்தில் அல்ல. புகார் வராததையே ஒழுங்குக்கு அத்தாட்சியாக எடுத்துக் கொள்ளக் கூடாது என்பதற்காக.

சர்வர்கள் இன்னும் மாறும். இன்றைக்குப் புதியது நாளைக்குப் பழையது, சாவிகளின் பெயரும் மாறிக் கொண்டேதான் இருக்கும். அதை யாராலும் நிறுத்த முடியாது. நிறுத்தக் கூடியது ஒன்றுதான்: அரிசி வாங்காதவர் பில்லில் அரிசி ஏறுவதை. அதற்கான விதி ஒருவருடைய எடிட்டரில் மட்டும் இருக்கிறது என்றால், அந்தத் திட்டத்தில் அப்படி ஒரு விதியே இல்லை என்றுதான் அர்த்தம்.