பவுன் பேசும் முன் ஒரு ஜெபம்

விடுமுறை வேதாகமப் பள்ளி முடிகிற நாளில் பெற்றோர் கூட்டம் வைப்பார்கள். பேச வருகிறவர் எந்தச் சபைக்காரராக இருந்தாலும் பேச்சு ஒன்றுதான். உலகம் நம் பிள்ளைகளை இழுக்கிறது. செல்போன் இழுக்கிறது, சினிமா இழுக்கிறது, பக்கத்து வீட்டுப் பொங்கல் பானைகூட இழுக்கிறது. ஆகையால் வாசலில் கோலம் வேண்டாம், தலையில் பூ வேண்டாம். பெற்றோரும் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். குற்றவாளி வெளியில்தான் இருக்கிறான் என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது?

தமிழ்நாட்டுப் பழக்கவழக்கம் பட்டால் விசுவாசம் கரைந்துவிடும் என்றால், தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் அது எப்போதோ கரைந்திருக்க வேண்டும். வேதநாயக சாஸ்திரியார் 1800இல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குற்றாலநாதரைப் பாடிய அதே குறவஞ்சி வடிவத்தைக் கூசாமல் எடுத்துக்கொண்டார். வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் கதையைத் தமிழ்க் காப்பியமாகவே செய்து இரட்சணிய யாத்திரிகம் என்று பெயரிட்டார். சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை ராகத்தோடு பாடித்தான் எத்தனையோ வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடும்ப ஜெபம் நடந்தது. இன்று கோலத்தை உலகம் என்று ஒதுக்குகிறவர்கள், மணமகள் போட்டுவரும் வெள்ளைக் கவுனும் மணமகன் வேர்க்க வேர்க்க மாட்டிக்கொள்ளும் கோட்டும் எருசலேமிலிருந்து வந்ததாக நினைக்கிறார்கள் போலும்.

அதே சாஸ்திரியார் இன்னொன்றையும் விடாமல் வைத்திருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு வந்த மிஷனரிமார் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்றபோது, அதை எதிர்த்து வாதாடி எழுதியவர் அவர். குறவஞ்சியால் சபைக்கு ஒரு கேடும் வரவில்லை. சாதியால் வந்தது என்ன என்று வடக்கன்குளத்தைக் கேட்கலாம். அங்கே 1872இல் எழும்பிய கத்தோலிக்கக் கோயிலில் வேளாளருக்கு ஒரு கூடம், நாடாருக்கு ஒரு கூடம், நடுவே தடுப்பு. பீடம் மட்டும் பொது. 1910இல் கவுசானல் அடிகளார் தடுப்பை எடுக்க வைத்தார். அதைத் திரும்ப வைக்கச் சொல்லிச் சிலர் வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சினிமாவும் செல்போனும் வராத காலத்துச் சங்கதி இது.

பழங்கதை என்று தள்ளுகிறவர்கள் கிறிஸ்தவ மணமாலை விளம்பரங்களைக் கொஞ்சம் வாசிக்கட்டும். இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் பெற்ற, ஜெப வாழ்க்கையுள்ள மணமகள் தேவை என்று தொடங்கும். அடுத்து படிப்பு, நிறம், உயரம். பிறகு சாதி, சில நேரம் உட்பிரிவோடு. மறுபடியும் பிறந்தவருக்கும் பழைய பிறப்புத்தான் கணக்கு.

பெண் வீட்டில் பேசி முடிப்பது இன்னும் விசேஷம். முதலில் பாட்டு, பிறகு ஜெபம். கர்த்தருடைய சித்தம் நிறைவேற வேண்டும் என்று பெரியவர் ஒருவர் உருகுவார். காப்பி வரும். பிறகு குரல் தாழும். "நாங்க வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கலை. உங்க பிள்ளைக்கு நீங்க செய்றதுதான." மூத்தவளுக்கு எத்தனை பவுன் போட்டீர்கள் என்று பேச்சோடு பேச்சாக ஒரு விசாரிப்பு. தொகை படிந்ததும் முடிவு ஜெபம். பிளஸ் டூ படிக்கும் தம்பி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் அடுத்த ஆண்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ படிக்கப் போய், ஞாயிறன்று கோயில் பக்கமே தலைவைக்காமல் இருந்தால், ஹாஸ்டல் கெடுத்துவிட்டது என்போம்.

செல்போனால் கேடே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரவு எட்டரை மணிக்கு ஆளுக்கொரு திரையைப் பார்க்கும் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்காது. ஆனால் அந்த ஜெபத்தை முதலில் நிறுத்தியது பிள்ளைகளா? டியூஷன் முடிந்து பையன் வர ஒன்பதரை ஆகிறதென்று நிறுத்தியவர்கள் நாம். நீட் கோச்சிங் ஞாயிறு காலையில் இருந்தபோது ஞாயிறு பள்ளியை விடச் சொன்னவர்களும் நாம்தான். எது முக்கியம் என்று அன்றைக்கே அவனுக்குப் புரிந்துவிட்டது. சீட் கிடைத்ததும் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டால் அந்தப் பாடம் மாறிவிடாது.

இவ்வளவுக்கும் பிறகு, வேற்றுச் சாதிக் கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவன் வந்து நின்றால், பிள்ளையை உலகம் பிடித்துவிட்டதென்று சபை ஐயரை வரவழைத்து உபவாச ஜெபம் வைக்கிறோம். அந்தப் பெண் பாடகர் குழுவில் இருந்தாலும், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தாலும் ஜெபக் குறிப்பு மாறுவதில்லை.