கண்ணாடிக்குள் ஒரு பொதிகையா?

நுணல் தன் வாயால் கெடும் என்று சொல்லிப் பழகிய சமூகம் நாம். இன்று அது கெடுவது நம் கண்ணாசையால். அமெரிக்க மழைக்காடுகளின் நச்சு அம்புத் தவளைகளைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பதை ஒரு கலை என்று போற்றுவோருக்கு நம் மறுப்பை இங்கே பதிவு செய்கிறோம்.

அக்கலையின் நுட்பத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ரனிடோமேயா வகைத் தவளைகள் ஏறி வாழ்பவை; ஆதலால் தொட்டிக்கு அகலத்தினும் உயரம் வேண்டும். பின்சுவரில் தக்கைப்பட்டையும், இலைக்கவட்டில் நீர் தேங்கும் புரோமிலியாடுச் செடிகளும் வேண்டும். தலைப்பிரட்டைகளைப் பெற்றோர் முதுகில் சுமந்து சென்று விடுவது அந்நீரில்தான். வெப்பம் 30 பாகை செல்சியசைத் தொட்டாலே ஆபத்து. பாபநாசத்துக் கோடையில் இதற்கெனக் குளிரூட்டி இரவும் பகலும் ஓட வேண்டும்.

இத்தனையும் செய்து பெறுவது என்ன? காட்டில் உண்ணும் எறும்பு, சிற்றுண்ணிகளிலிருந்தே அத்தவளைக்கு நஞ்சு சேர்கிறது. பழ ஈ தின்று தொட்டியில் வளர்ந்ததற்கு அது இல்லை. கருப்பொருளை நிலத்திலிருந்து பிரித்தால் எஞ்சுவது வெறும் நிறம் என்பதைத் திணை படித்தோருக்கு விளக்கவும் வேண்டுமோ?

'தொட்டியிலேயே பிறந்தவைதானே, காட்டுக்கு என்ன இழப்பு?' என்பர். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை 1999இல் அறிவியலுக்கு அறிமுகமானதே வாஷிங்டன் விலங்குக் காட்சியகத்தில் இறந்த ஒரு நீல அம்புத் தவளையிலிருந்துதான். அப்பூஞ்சையால் குறைந்தது 501 இனங்கள் நலிந்தன, அவற்றுள் 90 அழிந்தனவாகக் கருதப்படுகின்றன என்று 2019இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அது பரவியதில் விலங்கு வணிகத்துக்குப் பெரும்பங்குண்டு. ஆசியத் தவளைகள் இதுவரை பெரிதும் தப்பின; புதிய வகைப் பூஞ்சை வந்தாலும் தப்பும் என்பதற்கு உறுதி ஏது? தொட்டிநீர் சாக்கடைக்குப் போகும். சாக்கடை தாமிரபரணிக்குப் போகும். 2022ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமும் 2024ஆம் ஆண்டு விதிகளும் இத்தகைய அயல் உயிர்களைப் பதிவு செய்யச் சொல்கின்றன. நன்று, ஆனால் பதிவுச்சீட்டு பூஞ்சையைத் தடுக்காது.

ஏறும் தவளைதான் வேண்டுமெனில், களக்காடு முண்டந்துறைக் காட்டில் ராவோர்செஸ்டெஸ் சாலசோடஸ் இருக்கிறது. நூறாண்டுக்கு மேல் காணப்படாதிருந்து 2011இல் மீண்டதாக அறிவிக்கப்பட்டது. மூங்கில் கணுக்களின் இடையிலுள்ள சிறு துளை வழியே உட்புகுந்து, அங்கே ஆண் தவளை முட்டைகளைக் காக்கிறது. தலைப்பிரட்டைப் பருவமின்றி முட்டையிலிருந்து தவளைக்குஞ்சே வெளிவருகிறது.

அதையும் பிடித்து வந்து அடைக்கச் சொல்லவில்லை. அதற்கான தொட்டியைக் காடே மூங்கிலில் செய்து வைத்திருக்கிறது. அம்மூங்கிலை வெட்டாமல் விடுவதே நாம் செய்யத்தக்க வளர்ப்பு.