நேர்காணலுக்கு முன்பே முடிந்துவிடும் நியமனம்

வில்லியனூரைக் கடந்து விழுப்புரம் சாலையில் சற்று தூரம் போனால் திருபுவனை. அங்குள்ள பெருமாள் கோயிலில் இருக்கும் 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சோழ மன்னன் முதலாம் இராசாதிராசன் காலத்துக் கல்லூரி ஒன்றின் நிர்வாக ஆவணம். மாணவர் 260 பேர். ஆசிரியர் 12 பேர். அவர்களைப் பராமரிக்க 72 வேலி நிலமும் ஆண்டுக்கு 12,000 கலம் நெல்லும். வேதங்களோடு இலக்கணம், வேதாந்தம், இராமாயணம், பாரதம், மனுநூல் என்று பாடப் பட்டியலும் உண்டு. படிப்புக்கு இடையூறு நேரக் கூடாது என்று, கற்பிப்போருக்கும் கற்போருக்கும் ஊர் வாரியப் பணிகளிலிருந்து விலக்கும் அளித்திருக்கிறார்கள். இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், பாகூர்க் கல்விச்சாலைக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்கள் தானமாகத் தரப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது.

புதுச்சேரி மண்ணுக்கு இது பெருமைதான். ஆனால், அந்த 72 வேலியை உழுதவரின் பிள்ளை அந்த 12 ஆசிரியர்களில் ஒருவராக வந்திருக்கவே முடியாது. அவரை அழைத்துப் பேசி யாரும் நிராகரிக்கவில்லை. எந்தப் பாடம், யாருக்கு, எந்த மானியத்தில் என்று வகுத்தபோதே அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. ஆசிரியர் நியமனத்தில் இன்றும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. தேர்வுக்குழு கூடும் நாளுக்கு வெகு முன்பே, கோப்பில் எழுதப்படும் சில வரிகள் முடிவைத் தீர்மானித்துவிடுகின்றன.

அண்மைக் காலத்தின் தெளிவான சாட்சி, எந்தப் பணியிடம் எந்தப் பிரிவினருக்கு என்று வரிசைப்படுத்தும் இனசுழற்சிப் பட்டியல் தொடர்பான வழக்கு. ஒதுக்கீட்டைக் கணக்கிடும்போது பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொள்வதா, ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்வதா என்பதே கேள்வி. துறைதான் அலகு என்று 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அதை ஏற்றுச் சுற்றறிக்கை அனுப்பியது.

காகிதத்தில் போட்டுப் பார்த்தால் விளைவு விளங்கும். பத்துத் துறைகள், துறைக்கு ஆறு ஆசிரியர், ஆக 60 பணியிடங்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் முழுவதும் ஓர் அலகு என்றால் பட்டியல் சாதியினருக்கு 9, பழங்குடியினருக்கு 4, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 16 இடங்கள். துறை அலகு என்றாலோ நான்காவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு, பட்டியல் சாதியினருக்கு ஏழாவது, பழங்குடியினருக்குப் பதினான்காவது. ஆறு பேர் கொண்ட துறையில் ஏழாவது இடம் ஏது? யாராவது ஓய்வுபெற்று அந்தச் சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். 60 இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்குப் பத்து கிடைக்கும். மற்ற இரு பிரிவினருக்கும் பூஜ்யம். சட்டம் சொல்லும் விழுக்காடு ஒரு புள்ளிகூட மாறவில்லை. அலகு மட்டுமே மாறியது.

புதுச்சேரியில் இருளர் சமூகம் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2016-இல்தான். அவர்கள் வீட்டு முதல் முனைவரை, துறையின் பதினான்காவது நாற்காலி காலியாகும்வரை காத்திருக்கச் சொல்வது மறுப்பதற்குச் சமம். அந்தச் சுற்றறிக்கையை எதிர்த்து நாடெங்கும் எழுந்த போராட்டத்துக்குப் பிறகு, 2019-இல் முதலில் அவசரச் சட்டமும் பின்னர் நாடாளுமன்றச் சட்டமும் வந்து நிறுவனமே அலகு என்று நிலைநாட்டின. மத்தியப் பல்கலைக்கழகமான புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தும்.

அதனுடன் இணைந்த கலைக் கல்லூரிகளின் சிக்கல் வேறு. புதுச்சேரிக்கெனத் தனிப் பணியாளர் தேர்வாணையம் இல்லை. அரசுக் கல்லூரியின் உதவிப் பேராசிரியர் பணியிடம் நிரம்ப, கோப்பு மத்தியத் தேர்வாணையமான யுபிஎஸ்சி வரை போய்த் திரும்ப வேண்டும். அதுவரை வகுப்பு நிற்காதே! கௌரவ விரிவுரையாளர்கள் வருகிறார்கள். ஒரு பருவத்துக்கு என்று வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் அப்படியே தொடர்கிறார்கள். 45 நாட்கள் அல்லது அதற்கு மேல் நீடிக்கும் தற்காலிக நியமனத்திலும் ஒதுக்கீடு உண்டு என்பது மத்திய அரசின் விதி. ஆனால் தற்காலிகம் என்ற சொல் கோப்பில் ஏறியதும் இனசுழற்சிப் பதிவேட்டைத் திறக்கும் பொறுப்பு எளிதில் கைநழுவிவிடுகிறது. பணிப் பாதுகாப்பில்லாத அந்த விரிவுரையாளர், கல்லூரியின் எந்த முடிவிலும் வாய் திறக்க முடிவதில்லை.

தகுதி என்னாவது என்று கேட்பார்கள். நெட், செட் தேர்வோ முனைவர் பட்டமோ இல்லாமல் யாரும் விண்ணப்பிக்கவே முடியாது. அந்தத் தகுதியோடு வருபவர்களைக் குறும்பட்டியலிட மட்டுமே மதிப்பெண் பயன்படும். இறுதித் தேர்வு நேர்காணலைக் கொண்டே என்று 2018-ஆம் ஆண்டு மானியக் குழு விதிமுறைகள் சொல்கின்றன. சில நிமிட உரையாடலில் ‘தகுதியானவர் எவருமில்லை’ என்று எழுதிவிடலாம் என்ற நிலை இருக்கும்போது, காரணத்தையும் எழுத வேண்டும் என்று கேட்பது தகுதிக்கு எதிரானதாகாது.

இதில் மாணவரின் நலனும் இருக்கிறது. கலிபோர்னியாவின் டி ஆன்ஸா கல்லூரித் தரவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, சிறுபான்மை இன மாணவருக்குத் தம்மைப் போன்ற பின்னணி கொண்ட ஆசிரியர் அமையும்போது தேர்ச்சியிலும் இடைநிற்றலிலும் மற்ற மாணவரோடு உள்ள இடைவெளி 20 முதல் 50 விழுக்காடு வரை குறைவதைக் காட்டியது. பாகூர் ஏரிப் பாசனத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறைப் பெண், தன் தெருவையும் பேச்சையும் அறிந்த ஒருவரிடம்தான் தயக்கமின்றிச் சந்தேகம் கேட்பாள். அதே கல்லூரியில் மாஹே, ஏனாமிலிருந்து வந்த ஆசிரியரும் இருந்தால் அவளது உலகம் விரியும். இரண்டும் வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. ஒவ்வொரு கல்லூரியும் தன் இனசுழற்சிப் பதிவேட்டை இணையதளத்தில் வெளியிடட்டும். கௌரவ விரிவுரையாளர் நியமனமும் அதே பதிவேட்டில் ஏறட்டும். ஒருவர் ஓய்வுபெறும் தேதி பணியில் சேரும் நாளிலேயே தெரியும். எனவே நிரப்பும் கோப்பு ஓராண்டு முன்பே புறப்படட்டும். ‘எவருமில்லை’ என்ற முடிவுக்கு எழுத்தில் காரணம் இருக்கட்டும். புதுச்சேரி உயர்கல்வித் துறை ஒரே ஆணையில் இவற்றைத் தொடங்கிவைக்கலாம். கொம்யூன் பஞ்சாயத்து ஊர்களிலிருந்து பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோருக்கு அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கும் உரிமை உண்டு. அதை அவர்கள் கேட்கத் தொடங்க வேண்டும்.