தீவுப் பக்கம் ஒரு நாள்



பள்ளிக்கூட விடுமுறை வந்தால் புத்தளத்திலிருந்து வேன் பிடித்து யாழ்ப்பாணம் பார்க்கப் போகும் நம் குடும்பங்கள் பல. கோட்டை, பண்ணைக் கடற்கரை, ஐஸ்கிறீம் கடை என்று ஒரே நாளில் முடித்துத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் ஒரு நாள் ஒதுக்கித் தீவுப் பக்கமும் போய்வாருங்கள்.

பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை வாகனம் போகும். அங்கிருந்து படகில் நயினாதீவுக்குக் கால் மணி நேரம், நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். ஏறும்போதே திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டு வையுங்கள். குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும்.

நெடுந்தீவில் முருகைக்கல் அடுக்கிய வேலிகளும், கட்டுக்கடங்காமல் மேயும் குதிரைகளும் பிள்ளைகளுக்குப் போதும். அங்குள்ள பெருக்க மரம் ஆபிரிக்க இனம். அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள்.

தொழுகையை மறக்க வேண்டாம். புத்தளத்திலிருந்து வருவோர் பிரயாணிகள். ளுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழலாம். யாழ் நகரிலேயே குடியிருப்போருக்கு இந்தத் தூரம் போதாது, அவர்கள் முழுமையாகவே தொழ வேண்டும்.

நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும், அவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. மற்றப் பண்டமென்றால் சரிபாதி. குதிரை வணிகத்தில் அரபிகள் முன்னின்ற காலம் அது. கரை ஒதுங்கிய அந்நியனின் பொருளுக்கே அப்படியொரு கணக்கு!

1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகையையும் பொருளையும் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்கள் அழுதுகொண்டு நின்றதை உங்கள் உம்மா சொல்லியிருந்தால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

உம்மம்மா இருந்தால் அவரையும் வேனில் ஏற்றுங்கள். வயதானவருக்கு எதற்கு அலைச்சல் என்று வீட்டுக் காவலுக்கு விட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. படகில் ஏற இயலாவிட்டால் ஊர்காவற்றுறைக் கரையோடு நில்லுங்கள். கடலுக்குள் நிற்கும் ஒல்லாந்தர் கோட்டை அங்கிருந்தே தெரியும். எந்தத் தெருவில் வீடு, எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள் என்று பேரப்பிள்ளைகள் அவரிடம் கேட்கட்டும்.