நாக்குக்கு முன்னால் கை

"டாட்டா காட்டு!" என்றால் காட்டுகிறது. "சாமி கும்பிடு!" என்றால் கும்பிடுகிறது. வாயில் இன்னும் ஒரு சொல் வரவில்லை; ஆனால் கை பேசத் தொடங்கிவிட்டது! நாக்கு பழகுமுன் கை பழகிவிடும் என்பது பாட்டிமார்கள் அறிந்த சங்கதிதான். அதை அவர்கள் புஸ்தகமாக எழுதவில்லை, அமெரிக்காவில் எழுதிவிட்டார்கள்.

கலிபோர்னியாவில் லிண்டா அக்ரெடோலோ என்று ஒரு மனோதத்துவப் பேராசிரியை. 1982-ல் அவருடைய பெண்ணுக்கு ஒரு வயது. ரோஜாச் செடியைக் கண்டால் மூக்கைச் சுருக்கி மோந்து காட்டுமாம், பூ என்பதற்காக. ஓர் இடத்தில் மீன் தொட்டியைப் பார்த்ததும் 'ஊ, ஊ' என்று ஊதிற்று. இதென்ன கூத்து என்று தாயார் யோசித்தார். தொட்டிலுக்கு மேல் தொங்கிய மீன் பொம்மைகளை ஆட்டுவதற்காகத் தினமும் ஊதிக் காட்டியவர் அவரேதான்! குழந்தை அதையே மீனுக்குப் பெயராக வைத்துக்கொண்டுவிட்டது.

பிறகு அவரும் சூசன் குட்வின் என்பவரும் ஆராய்ச்சி செய்து, 1996-ல் புஸ்தகம் வெளியிட்டார்கள். அது ஒரு மோஸ்தராகவே பரவிற்று. விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் சாப்பாடு. பால் கறப்பதுபோல் கையை மூடித் திறந்தால் பால். குவித்த இரு கைகளின் நுனியைத் தட்டினால் 'இன்னும் வேண்டும்'. வகுப்புகள் முளைத்தன, கட்டணமும் முளைத்தது. சைகை கற்றால் குழந்தை சீக்கிரம் பேசும், புத்தி கூர்மையாகும் என்றார்கள்.

உண்மைதானா? 2013-ல் இங்கிலாந்தில் நடந்த ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. 40 குழந்தைகளை எட்டாம் மாதத்திலிருந்து இருபதாம் மாதம் வரை கவனித்தார்கள். சைகை கற்ற குழந்தைகள் மற்றவர்களைவிட முந்திப் பேசவில்லை, பிந்தவும் இல்லை. ஆனால் ஒன்று: சைகை கற்பித்த தாய்மார்கள் குழந்தையின் குறிப்பறிந்து நடப்பதில் ஒரு படி மேலே இருந்தார்கள். பாடம் படித்தது யார் பாருங்கள்!

ஆகவே, காது நன்றாகக் கேட்கும் குழந்தைக்கு இது ஒரு இனிய விளையாட்டு, செய்தால் நஷ்டமில்லை. பணம் கொடுத்துக் கற்க வேண்டிய வித்தையல்ல என்பது என் அபிப்பிராயம்.

காது கேளாத குழந்தையின் விஷயம் வேறு. அதற்கு இது விளையாட்டல்ல, தாய்மொழி. மாண்ட்ரியலில் லாரா பெட்டிட்டோ என்ற ஆராய்ச்சியாளர் 1991-ல் ஓர் அதிசயத்தை வெளியிட்டார். சைகை மொழி பேசும் பெற்றோரின் காது கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் 'பபபா' என்று மழலை பேசும் பருவத்தில், கைகளாலேயே மழலை பேசுகின்றனவாம்!

ஆனால் இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் காது கேட்பவர்கள்; சைகை மொழி அறியாதவர்கள். "கையைக் காட்டப் பழக்காதீர்கள், அப்புறம் வாய் பேசாது" என்று அவர்களைப் பயமுறுத்துகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பயம் பழையது. 1880-ல் இத்தாலியில் மிலான் நகரத்தில் ஆசிரியர்கள் மாநாடு கூடி, பள்ளிகளில் சைகையை விலக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. எத்தனையோ பள்ளிகளில் பிள்ளைகளின் கைகள் கட்டுண்டன. அதே மாநாட்டின் வழிவந்த சபை, 2010-ல் கனடாவின் வான்கூவரில் கூடியபோதுதான், அந்தத் தீர்மானங்களைத் தள்ளிவிட்டு வருத்தம் தெரிவித்தது.

நடுவில் கழிந்தது 130 வருஷம்.