“வேறு பார்ட்டி” என்னும் பூச்சாண்டி

ஆரணியில் தறி ஓடும் தெருக்களில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்றால், அந்தச் சேதி வீட்டுக்காரர் வாயிலிருந்து வருவதற்கு முந்தியே தரகர் வாயிலிருந்து வந்துவிடுகிறது. டீக்கடையில் வருகிறது, தெருவில் பாவு நீட்டுகிற இடத்தில் வருகிறது, கூலி வாங்கப் போன இடத்தில் வருகிறது. இதை நாம் தப்பென்று சொல்லவில்லை. வாங்குகிறவரையும் விற்கிறவரையும் சேர்த்து வைப்பது ஒரு வேலை. அந்த வேலைக்குக் கூலி உண்டு. நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ முன்கூட்டிப் பேசி, அதை வாங்கிக்கொண்டு போகிற தரகர்மீது நமக்கு ஒரு புகாரும் கிடையாது. நாம் சொல்ல வந்தது, அவரோடு கூடவே வருகிற, ஆனால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாத இன்னொரு ஆசாமியைப் பற்றியதாகும். அந்த ஆசாமிக்குப் பெயர் “வேறு பார்ட்டி.”

நமது தோழர் ஒருவர் பட்டு நெசவாளி. வாடகை வீட்டில் ஒரு தறி போட்டுக்கொண்டு இருபது வருஷம் ஓட்டினவர். இரண்டு தறி போடுகிற அளவுக்கு நீளமான கூடம் உள்ள வீடாகத் தேடினார். ஒன்று வந்தது. வீட்டுக்காரர் கேட்ட விலை 22 லட்சம். தோழர் பத்திரங்களைப் பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன் என்றார். அன்று மாலையே தரகர் வந்து, “அண்ணே, வேலூர்ல இருந்து ஒரு பார்ட்டி வந்து பார்த்துட்டுப் போயிருக்கு. இருபத்தி நாலரைக்கு ரெடி. நாளைக்குக் காலையில அட்வான்ஸோட வர்றாங்க. நீங்க நம்ம ஆளாச்சேன்னு உங்ககிட்ட முதல்ல சொல்றேன். இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்றார். தோழர் அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் காலை நம்மிடம் வந்து, மனைவியின் நகையை வைத்தாவது இன்னும் இரண்டரை லட்சம் புரட்டலாமா என்று கேட்டார். இரண்டரை லட்சம் என்பது எத்தனை சேலைக் கூலி என்று நெய்கிறவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

நாம் கேட்டது ஒரே கேள்விதான். அந்த வேலூர்ப் பார்ட்டியை நீங்கள் பார்த்தீர்களா? இல்லை. வீட்டுக்காரர் பார்த்தாரா? தெரியாது. அவர் எழுதிக்கொடுத்த துண்டுக் காகிதமாவது உண்டா? இல்லை. அப்படியானால் அவர் இருக்கிறார் என்பதற்கு என்ன ருசு? தரகர் சொன்னார் என்பதைத் தவிர வேறு ருசு இல்லை!

கோயிலில் பூசாரிமேல் சாமி வந்துவிட்டது என்கிறார்கள். சாமியை நாம் பார்க்க முடியாது. ஆனால் சாமி என்ன கேட்கிறது என்பது மாத்திரம் பூசாரிக்குத் துல்லியமாகத் தெரிகிறது. அது கேட்பதெல்லாம் பூசாரி வீட்டுக்குப் போகிற பொருளாகவும் இருந்துவிடுகிறது. அங்கே “காட்டு பார்க்கலாம்” என்று கேட்கக் கற்றுக்கொண்ட நம் தோழர்கள், வீடு வாங்கப் போகிற இடத்தில் வாயடைத்து நிற்பானேன்? பட்டு நூலை எடை போடாமல் வாங்க மாட்டார்; ஜரிகையை உரசிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார்; ஆயுளில் ஒரு முறை வாங்குகிற வீட்டுக்கு மட்டும் காற்றில் வந்த பேச்சை நம்பி இரண்டரை லட்சம் கூட்டிக் கொடுப்பாராம்!

இதில் தரகருக்கு என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நூற்றுக்கு இரண்டு வீதம் 22 லட்சத்துக்கு 44,000 ரூபாய், இருபத்திநாலரைக்கு 49,000. ஆக, விலை ஏறுவதால் அவருக்குக் கூடுவது 5,000 ரூபாய்தான். அந்த ஐயாயிரத்துக்காகவா இத்தனை நாடகம் என்றால், முழுக்க அப்படியல்ல. சில இடங்களில் “வீட்டுக்காரருக்கு இன்ன தொகை, அதற்குமேல் வருவது எனக்கு” என்று ரகசியமாகப் பேசிவைத்திருப்பார்கள். அங்கே இரண்டரை லட்சமும் அவர் மடியில் விழும். அப்படிப் பேசாத இடத்திலும் அவருக்கு வேண்டியது சீக்கிரம். நீங்கள் ஒரு மாதம் யோசித்தால் அவருக்கு ஒரு மாதம் வருமானமில்லை. அதற்கும் மேலாக, யோசிக்கிறவன் பத்திரத்தைப் புரட்டிப் பார்ப்பான். பக்கத்து வீட்டில் விசாரிப்பான். “வேறு பார்ட்டி”யின் உண்மையான உத்தியோகம் விலையை ஏற்றுவதைவிட, நம்மை விசாரிக்கவிடாமல் செய்வதே என்பது நமது அபிப்பிராயம்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையா என்றால், 2016ல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்படி மனைப் பிரிவுகளையும் அடுக்குமாடிகளையும் விற்றுக்கொடுக்கும் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொய் சொல்லி விற்கக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் அது பதிவு செய்யவேண்டிய புதுத் திட்டங்களைப் பற்றிய சட்டம். 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனையும், எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடமும் அதற்குள் வராது. ஆரணியில் தாத்தா காலத்து ஓட்டு வீட்டைப் பேசி முடிக்கிற தரகரை அது தொடுவதில்லை.

கடல் தாண்டிப் பார்த்தால், நம் ஈழத் தமிழ்ச் சகோதரர்கள் பெருவாரியாகக் குடியேறியிருக்கும் கனடா ஒன்ராறியோ மாகாணத்திலும் இதே பூச்சாண்டி இருந்திருக்கிறது. அங்கே “ஆவி விலை” என்ற பொருளிலேயே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்! 2015 ஜூலை 1 முதல் அதற்கு ஒரு கடிவாளம் போட்டார்கள். எழுத்தில், கையெழுத்துடன் வராத எதையும் “போட்டி விலை வந்திருக்கிறது” என்று தரகர் சொல்லக் கூடாது. விற்பவர் பக்கத்துத் தரகு நிறுவனம் வந்த விலைகளின் பதிவை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். இது என்ன பெரிய ஆகாயக் கோட்டையா? நம் சட்டசபை ஒரு நாள் உட்கார்ந்தால் செய்யக்கூடிய காரியம்.

நிற்க. இந்த வேறு பார்ட்டிக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது. ஒருவர் வீடு கேட்டு வருகிறார். தரகர் விலை சொல்லுவதற்கு முன் சுற்றி வளைத்து, “சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?” என்கிறார். கேட்பது தெருவை, தெரிந்துகொள்வது ஜாதியை. ஆதிதிராவிடத் தோழர் என்று தெரிந்தால், அல்லது முஸ்லிம் என்று பெயரிலேயே தெரிந்தால், அடுத்த வார்த்தை என்ன? “அடடா, நேற்றுத்தான் வேறு பார்ட்டி முடிச்சிட்டாங்க!” விலை பேசி முடிந்ததாகச் சொன்ன அந்த வீட்டில் ஆறு மாதம் கழித்தும் பூட்டுத் தொங்குகிறது. பணக்கூடை சுமந்து வருகிற அதே வேலூர்க்காரர், இங்கே கதவைச் சாத்துகிற காவற்காரராகிவிடுகிறார். ஒருவருக்கு விலையை ஏற்றவும், இன்னொருவருக்கு வாசலை அடைக்கவும் ஒரே பூதம்! விற்கிறவர் ஜாதிக்காக மறுத்தால் அதை அவரே வாயால் சொல்லட்டும். அந்த வெட்கத்தையாவது அவர் சுமக்கட்டும். இல்லாத பார்ட்டியின் முதுகில் அதை ஏற்றி வைப்பானேன்? இந்தக் காரியத்துக்குத் துணைபோகிற தரகருக்கு ஒரு காசு கமிஷன் கொடுப்பதும் பாவம் என்போம், பாவ புண்ணியத்தில் நமக்கு நம்பிக்கை இருந்தால்.

போட்டி பார்ட்டி எப்போதும் பொய்தானா? இல்லை. மெய்யாகவே வருவதுண்டு. நமக்குத் தெரிந்த வேறொரு தோழர், எல்லாம் புரட்டு என்று உட்கார்ந்திருந்து, ஆசைப்பட்ட வீட்டை இழந்தார். அதனால்தான் நாம் “நம்பாதே” என்று சொல்லுவதில்லை; “காட்டச் சொல்” என்கிறோம். வீட்டுக்காரரை நேரில் பார்த்துக் கேட்பதற்குத் தரகர் இடம் கொடுக்காவிட்டால் அதுவே பாதி பதில். தன்னால் முடிந்த உச்ச விலையை வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து முன்பே தீர்மானித்துவிட்டு, மெய்யான பார்ட்டி அதற்குமேல் கொடுத்தால் வீடு போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். வீடு போனால் வேறு வீடு வரும். அடகுக் கடைக்குப் போன நகை திரும்பி வருவது எவ்வளவு அபூர்வம் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

விலை பேசி முடிந்த பிறகும் ஆபத்து இருக்கிறது. முன்பணம் வாங்கிக்கொண்ட வீட்டுக்காரரே, மறுவாரம் கூடக் கொடுக்கிறவருக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிடுவார். வெறும் கிரய உடன்படிக்கையால் வீடு நம்முடையதாகிவிடாது என்று 1882ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டமே சொல்லுகிறது. ஆனால் அந்த உடன்படிக்கையைக் கொண்டு, பேசினபடி எழுதிக்கொடு என்று கோர்ட்டில் கேட்கலாம். அதற்குக் கெடு மூன்று வருஷம். தெரியாமல் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கினேன் என்று இரண்டாவது ஆள் சொன்னால்தான் சங்கடம். உடன்படிக்கையைப் பதிவு செய்துவிட்டால் அவர் அப்படிச் சொல்ல முடியாது. வில்லங்கச் சான்றிலேயே அது ஏறிவிடும். தமிழ்நாட்டில் 2012ல் செய்த திருத்தத்தின்படி இந்த உடன்படிக்கையைப் பதிவு செய்யவே வேண்டும். இருந்தும் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி, இரண்டு சாட்சி போட்டு, மடித்துப் பெட்டிக்குள் வைக்கிற வழக்கம் போகவில்லை. முன்பணத்தை நோட்டுக் கட்டாகக் கொடுக்கிற வழக்கமும் அப்படியே. வீடு, மனைக்கான முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்குமேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015லேயே சட்டம் வந்துவிட்டது. பாங்கி வழியாகக் கொடுத்த பணத்துக்கு யார் இல்லை என்று சொல்ல முடியும்?

இனி நல்ல நாள் சங்கதி. முகூர்த்த நாள் வந்தால் பத்திர ஆபீசில் கூட்டம் தாங்காது. சர்க்காரும் அந்த நாட்களில் ஒரு சார் பதிவாளர் உள்ள ஆபீசுக்கு நூறு டோக்கன் என்பதை நூற்றைம்பதாக்கிப் பஞ்சாங்கத்துக்குச் சேவகம் செய்கிறது. ஆடி பிறந்தால் பதினெட்டாம் நாள் தவிர மற்ற நாட்களில் வீடு பேச ஆள் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. தெற்குப் பார்த்த வாசல் ஆகாதாம், தெருக்குத்து ஆகாதாம். பகுத்தறிவுத் தோழர்களே! ஊரில் உள்ள எல்லாப் பார்ட்டிகளும் தாமாக விலகி நிற்கிற மாதம் ஒன்று இருக்கிறதென்றால், வாங்குகிறவருக்கு அதைவிட நல்ல மாதம் எது? மூடநம்பிக்கை நமக்கு லாபம் கொடுக்கிற இடம் உலகத்தில் அநேகமாக இது ஒன்றுதான்.

முதலில் சொன்ன நெசவாளித் தோழரின் கதைக்கு வருவோம். அவர் அன்று தரகரிடம், “அந்த வேலூர்க்காரருக்கே முடித்துக் கொடுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அது ஆனி மாதம். ஆடி பிறந்தது. வேலூர்க்காரர் என்ன ஆனாரோ, தரகரே வந்து, “அண்ணே, அந்தப் பார்ட்டிக்கு வாசல் தெக்கு பார்த்ததுன்னு புடிக்கலையாம்” என்றார். வாசல் ஒரு மாதத்துக்கு முன் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்ததோ நமக்குத் தெரியாது!

இம்முறை தோழர் அவசரப்படவில்லை. வில்லங்கம் பார்த்தார்; வீட்டுக்காரரையும் நேரில் பார்த்தார். வீடு அவருடைய தகப்பனார் பெயரில் இருந்தது. தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தவர். போளூரிலும் செய்யாறிலும் கட்டிக்கொடுத்த இரண்டு பெண்கள் உண்டு. “பொண்ணுங்க கையெழுத்து எதுக்கு? சீர் செஞ்சு அனுப்பியாச்சே” என்றார் தரகர். உயிலில்லாமல் இறந்த தகப்பன் சொத்தில் மகளுக்கு மகனோடு சமபங்கு என்று 1956ம் வருஷத்துச் சட்டமே சொல்லுகிறது. பிதுரார்ஜிதத்திலும் பங்கு உண்டென்று தமிழ்நாட்டில் 1989ல் சட்டம் ஆயிற்று. இந்தியா முழுவதற்கும் 2005ல்தான் வந்தது. 1929ல் செங்கற்பட்டு மகாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்று தீர்மானம் போட்டபோது சிரித்தவர்களின் பேரப் பெண்கள் இன்று அந்தச் சட்டத்தின் கீழ்தான் பங்கு வாங்குகிறார்கள். ஆனி மாதத்தில் ராத்திரியோடு ராத்திரியாக நகையை அடகு வைத்து முடித்திருந்தால், அந்த இரண்டு பெண்களின் பங்குக்கும் சேர்த்துப் பணத்தை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பின்னால் கோர்ட்டு வாசலில் நின்றிருப்பார்.

தோழர் விடாப்பிடியாக நின்றார். இரண்டு பெண்களும் வந்தார்கள். தங்கள் பங்கை எண்ணி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். அண்ணனுக்கு முகம் சுளித்தது உண்மை. விலை 21 லட்சம். பத்திரம் ஆடி மாதத்திலேயே தோழரின் மனைவி பேரில் பதிவாயிற்று. அன்று ஆபீசில் கூட்டமே இல்லை. தரகருக்கும் பேசின கூலியைக் குறையாமல் கொடுத்தார்.

கூலியை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு தரகர், “பால் காய்ச்சுறது எப்போ அண்ணே? ஆவணியில நல்ல நாள் பார்த்துச் சொல்லட்டுமா?” என்றார். “நாளைக்குத் தறிக்குழி வெட்ட ஆள் வருது. வந்தா டீ குடிச்சிட்டுப் போங்க” என்றார் தோழர்.